தன்வரலாறும் உண்மையும்

நமது சங்க மலர்களில் ஆண்டுதோறும் முதியோரின் வாழ்க்கை நினைவுகள் இடம்பெறுகின்றன. புனே நகருக்கு வந்து இறங்கிய நாள், முதலில் கிடைத்த வேலை, ஒற்றை அறைக் குடித்தனம் ஆகியவற்றை நம் குடும்பத்தார் ஆர்வத்துடன் படிக்கின்றனர். இத்தகைய எழுத்தில் உண்மை எவ்வளவு இருத்தல் வேண்டும்? அதற்கு இடும் பெயர் முக்கியமா? இவ்வினாக்கள் நமக்கு எழுந்த காரணத்தை இறுதியில் கூறுவோம்.

தமிழில் தன்வரலாற்றுக்கு உரைகல்லாக நிற்பது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகட'னில் தொடராக வெளிவந்து, ஆசிரியரின் மறைவால் முற்றுப்பெறாது நின்ற நூல் அது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை ஐயரவர்கள் அதில் விவரிக்கிறார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அவர் அடுக்கிக் கூற, முதலியாரோ அவற்றைப் பொருட்படுத்தாமல் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவுகிறார். கல்லூரித் தமிழாசிரியராகிய ஐயர் அதனைப் படித்ததில்லை. பின்னர் 1887இல் அந்நூலையே பதிப்பித்துப் புகழ்பெற்ற பெருமகனார், தம் அறியாமையை மறையாது எழுதிவைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து எழுதிய அவ்வுரையாடல் சொல்லுக்குச் சொல் அவ்வாறே நிகழ்ந்திருத்தல் அரிது. ஆயினும் எவரும் அதனைப் பொய்யென்னார். நினைவு பிறழ்தல் வேறு. நடவாததை நடந்ததாக அமைத்தல் வேறு.

நாம் வாழும் மராட்டிய மண்ணிலும் சான்று உண்டு. 1978இல் வெளிவந்த தயா பவாரின் 'பலுத' என்னும் நூலில், தகடு மாருதி பவார் என்பவர் தயா பவாரிடம் தம் கதையைச் சொல்கிறார். சொல்பவரும் கேட்பவரும் ஒருவரே! உத்தி கதைக்குரியது, சொல்லப்படுவதோ ஒரு தலித் மகன் பட்டு அறிந்த வாழ்வு. நம் எரவாடாச் சிறையில் இருந்த காலத்திலேயே தம் வரலாற்றை எழுதி முடிக்க விழைந்த காந்தியடிகளும், தாம் எழுதுவது முறையான தன்வரலாறன்று, சத்திய சோதனைகளின் கதையே என்று முன்னுரையில் தெளிவாக்கினார்.

இவற்றைக் கண்டு, பெயர் எதுவாயினும் ஆகுக என்பாரும் உளர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. பெயர் என்பது வாசகர்க்கு எழுத்தாளர் தரும் வாக்கு. புதினம் என்று பெயரிட்டால் கற்பனைக்குத் தடையில்லை. தன்வரலாறு என்றாலோ, பிறர் மனம் நோகாவண்ணம் ஊரையும் பேரையும் மாற்றலாம். சொல்ல இயலாததைச் சொல்லாமலும் விடலாம். இல்லாததை இட்டு நிரப்புதல் மட்டும் ஆகாது.

இனிக் காரணத்தைக் கூறுவோம். முன்னொரு மலரில் எம் தந்தையாரைப் பற்றி எழுதுகையில், அவர் எழுத்தராகவே இந்நகருக்கு வந்ததாகக் குறித்திருந்தோம். உண்மையில் அவர் வந்தது ஓர் உணவு விடுதியில் பாத்திரம் துலக்கும் வேலைக்கு. இரவில் தட்டச்சுப் பயின்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே எழுத்தரானார். கட்டுரையை வாசிக்கக் கேட்ட எம் அன்னையார், "அந்த நாலு வருஷத்தை எங்கேப்பா விட்டே?" என்று மட்டும் கேட்டார்கள்.

தந்தையாரின் மதிப்பைக் காப்பதாக எண்ணி, அவர்தம் உழைப்பையே அழித்திருந்தோம். அப்பிழையை இம்மலரில் திருத்திக்கொள்கிறோம்.