கைகாட்டியும் கார்மினும்

மல்லசமுத்திரத்திலிருந்து வையப்பமலைக்குப் போக எங்களுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவோம். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனை சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டி, அது சொல்கிற வழியில்தான் போவது என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். சைக்கிள் படத்தைத் தொட்டு வழி கேட்டேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே தார் ரோட்டை விட்டு ஓர் இட்டேரிக்குள் திருப்பிவிட்டது. இரு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து யாரோ கோடு இழுத்திருக்க வேண்டும். திரையில் அதுவும் பாதைதான். அரை மைல் போவதற்குள் வேலிக்கருவை முள் முன்டயரில் ஏறிவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் தடம் ஒரு களத்துமேட்டில் போய் முடிந்தது. நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “வையப்பமலைக்குங்களா? இதுல எதுக்குங்க வந்தீங்க, போன் சொல்லுச்சுங்களா?”

இந்த விஷப்பரீட்சைக்குக் காரணம் உண்டு. நானும் தறி ஓட்டும் நண்பர் ஒருவரும் இலங்கைக்குச் சைக்கிளில் போவதாகத் திட்டம். யாழ்ப்பாணத்தில் தொடங்கி வவுனியா, தம்புள்ளை, கண்டி வழியாக நுவரெலியா வரை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பேசிப் பேசியே நாள் போகிறது. வழிகாட்டும் கருவி வாங்கியே தீர வேண்டும் என்பது நண்பரின் கட்சி. கார்மின் எட்ஜ் 1040 அவர் கனவில் வருகிறது. என் கட்சி, முதலில் எடை போட்டுப் பார்ப்போம் என்பது.

துல்லியத்தைப் பற்றிய பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை பிசகிய இடக்குறிப்பு, அன்றிலிருந்து சில மீட்டருக்குள் வந்துவிட்டது. திறந்த வானத்தின் கீழே பழைய போனும் புதிய கார்மினும் நம்மை ஒரே ரோட்டில்தான் காட்டும். நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக், இந்திய எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரை எட்டும்படி அமைக்கப்பட்டது. இலங்கை முழுவதும் அதற்குள் அடக்கம். பெருமைதான். ஆனால் அதன் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் பலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகிவிட்டன. பெட்டியின் மேல் நாவிக் என்று அச்சடித்திருப்பது கூடுதல் காசு கொடுக்கக் காரணம் ஆகாது.

‘டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இது தவறு. ஜிபிஎஸ் வானத்திலிருந்து வருவதைக் கேட்பது மட்டுமே. சிம் கார்டே இல்லாத போனும் கேட்கும். டவர் போனால் இல்லாமல் போவது வரைபடம்தான். அதை முன்கூட்டியே இறக்கி வைத்தால் தீர்ந்தது. ஆனால் எதில் இறக்குவது என்பதைப் பார்க்க வேண்டும். கூகுள் வரைபடத்தை இறக்கி வைத்தாலும், இணையம் இல்லாதபோது அது காருக்கு மட்டுமே வழி சொல்லும்; சைக்கிளுக்கும் நடைக்கும் சொல்லாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இணையமின்றியே சைக்கிள் வழி சொல்லும். என்னை இட்டேரிக்குள் இறக்கியதும் அப்படி ஒரு செயலிதான் என்பதை மறைக்கவில்லை. குற்றம் பாதி என்னுடையது. மண்பாதையைத் தவிர் என்று அதில் ஓர் அமைப்பு இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

இங்கே அது ஒரு பஞ்சரோடு போயிற்று. இலங்கையின் வன்னியில் அப்படிப் போகாது. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முழுதாக முடியவில்லை. அது போக, வவுனியாவுக்குத் தெற்கே காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. குறுக்குவழி கண்டுபிடிக்கும் கருவியின் சாமர்த்தியம் அங்கே நமக்கு எதிராகவே வேலை செய்யும். ஏ, பி எண் போட்ட சாலைகளை விட்டு இறங்காதே என்று கருவிக்குக் கட்டளை போட முடிகிறதா என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது திரை. சேலத்து நண்பர் ஒருவரிடம் கார்மினின் எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2 கருவியை இரவல் வாங்கினேன். 2022-ல் 300 டாலர் விலையில் வந்தது. இன்றைய மாற்று மதிப்பில் 25,000 ரூபாயைத் தாண்டும், வரி தனி. அதையும் என் போனையும் ஒரே ஹேண்டில்பாரில் பக்கம் பக்கமாகக் கட்டிக்கொண்டு, சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனேன். பங்குனி வெயில். பதினொரு மணிக்குப் போன் திரை தானாக மங்கியது. பவர் பேங்கைச் சொருகினால், சூடு தணியும் வரை சார்ஜ் ஏறாது என்று ஓர் அறிவிப்பு. திரையில் என் முகமும் புளியமரமும் தெரிந்தன, வழி தெரியவில்லை. எட்ஜின் திரை வேறு ஜாதி. வெளியே விழும் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிக் காட்டுவது. வெயில் ஏற ஏற எழுத்து தெளிந்துகொண்டே வந்தது. இந்த ஒரு விஷயத்தில் போன் தோற்றது, மறுபேச்சே இல்லை.

போனை ஹேண்டில்பாரில் மாட்டினால் கேமரா கெட்டுவிடும் என்றும் பயமுறுத்துவார்கள். ஆப்பிள் நிறுவனம் 2021-ல் அப்படி எச்சரித்தது உண்மை. ஆனால் அது மோட்டார் சைக்கிள் என்ஜின் அதிர்வைப் பற்றியது. மிதிவண்டிக்கு அதை அப்படியே தூக்கிப் போடுவது நியாயமில்லை.

காரவள்ளியில் ஏற்றம் தொடங்கியது. 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேரும் வரை அந்த 25,000 ரூபாய்க் கருவி எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. வளைவு எழுபது உண்டு, பிரிவு கிடையாது. பாதி மலையில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இடத்தில்தான், நான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. எந்தத் திரை நன்றாகத் தெரிகிறது என்பது இரண்டாவது கேள்வி. அந்தத் திரை ஒரு நாளைக்கு எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பதே முதல் கேள்வி.

இலங்கைக்கு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஏறக்குறைய 140 கிலோமீட்டர். முழுக்க ஏ9 சாலை. சாவகச்சேரி, கொடிகாமம், பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் என்று ஊர்கள் ஒரே சரட்டில் கோத்தவை. யோசிக்க வேண்டிய இடம் யாழ் நகரத்தை விட்டு வெளியேறுவது ஒன்று. பரந்தனிலும் மாங்குளத்திலும் முல்லைத்தீவுக்குப் பிரியும் ரோட்டில் திரும்பிவிடாமல் இருப்பது இன்னொன்று. அங்கெல்லாம் பலகை சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வெளிநாட்டில் தமிழில் எழுதிய கைகாட்டியைப் படித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டும் வசதி நமக்கு வேறு எங்கே கிடைக்கும்? கண்டி நகரத்துக்குள் நுழைவது, மலைநாட்டில் லாரி குறைந்த ரோடு பார்ப்பது, சாயங்காலம் தங்குமிடத்தைத் தேடுவது, இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு நாளில் திரை எரிய வேண்டியது அரை மணி நேரம். தாராளமாக வைத்தால் முக்கால் மணி.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேட்டரிக்கு வந்தால் விளம்பரங்களின் வேகம் குறைந்துவிடுகிறது. எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2-க்கு 16 மணி நேரம், 1040-க்கு 35 மணி நேரம் என்கிறது நிறுவனம். நாள் முழுக்கத் திரையை எரியவிட்டால் போன் எட்டு மணி நேரம் தாங்காது. தினம் ஒரு பவர் பேங்கை விழுங்கும். அரை மணி நேரத்துக்கு எரிந்தால் மறுநாளும் ஓடும். 1040 வாங்கச் சொல்லும் முதன்மையான வாதம் இங்கே விழுகிறது.

இரண்டு பென்சில் செல்லில் 25 மணி நேரம் ஓடும் கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் மீது எனக்கு வெகுநாள் மோகம். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், சார்ஜரே வேண்டாம் என்பார்கள். காளிப்பட்டிக் கடையில் கேட்டுப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தது டிவி ரிமோட்டுக்குப் போடும் கார்பன்-ஜிங்க் செல். அதில் ஈட்ரெக்ஸுக்கு அந்த 25 மணி நேரம் கனவிலும் வராது. அல்கலைன் வேண்டும், இல்லாவிட்டால் ரீசார்ஜ் செல். ரீசார்ஜ் செல் என்றால் சார்ஜர் மறுபடியும் பைக்குள் வந்துவிடுகிறது. 2.2 அங்குலத் திரை வேறு. குட்டிக் குச்சியை ஆட்டி ஆட்டி ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகத் தேட வேண்டும். நாலைந்து நாள் கரண்டையே பார்க்காத பாமிர் மேட்டுக்குப் போகிறவருக்கு அது சரி. கிளிநொச்சிக்கு வேண்டாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். கேட்க மட்டும் செய்யும் ஜிபிஎஸ் கருவிக்கு நம் ஊரில் தடை இல்லை. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வகைக் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் அதை வைத்திருந்ததற்காகப் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா மலிவாகக் கிடைத்தது என்று கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

விலை கூடிய கருவி நம்பகமானது என்பதும் அப்படியே ஏற்கத்தக்கதல்ல. 2020 ஜூலையில் கார்மினின் கணினிகளைக் கொள்ளைக்கார மென்பொருள் முடக்கியது. அதன் இணையச் சேவையான கார்மின் கனெக்ட் பல நாள் கிடைக்கவில்லை. கையிலிருந்த கருவிகள் ஓடின. ஆனால் வழித்தடத்தை இணையத்திலிருந்து இறக்கித் தருவதற்கு அதை நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். வழிபோடும் சேவையான கோமூட் 2025-ல் கைமாறியது. ஊழியர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தார்கள். வழித்தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாகக் கையில் வைத்திருப்பவருக்கு இந்தச் செய்திகளால் நஷ்டமில்லை. அந்தக் கோப்பைப் பழைய போனும் திறக்கும்.

எதிர்க்கட்சியை விட்டுவிடக் கூடாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இந்தக் கருவிகள் எதுவும் வருவதற்கு முன்பே போர்வெல் போட ராஜஸ்தான் வரை போனவர்கள். 1923-ல் பம்பாயிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பார்சி இளைஞர்கள் ஆறு பேரில் மூன்று பேர் உலகத்தையே சுற்றிவிட்டு 1928-ல் ஊர் திரும்பினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், கருவி எதற்கு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. வழி கேட்டால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பஸ் போகும் வழி. “பக்கந்தானுங்க” என்பது இரண்டு மைலும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். ஏற்றம் எவ்வளவு என்று பைக்கில் போகிறவரால் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் ‘ஒழுங்கை’ என்றால் சந்து, ‘சந்தி’ என்றால் நம்முடைய பிரிவு ரோடு. இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் வவுனியாவைத் தாண்டி வரும் மதவாச்சிக்குத் தெற்கே எங்கள் தமிழை நம்பி வழி கேட்க முடியாது. அங்கே போன் வேண்டும்.

ஆகவே தீர்ப்பு. இலங்கைக்குத் தனிக் கருவி வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று, சிம் இல்லாமல், ஓஸ்மேண்டும் இலங்கை வரைபடமும் ஏற்றி, மண்பாதையைத் தவிர்க்கும்படி அமைத்து, முன்பையில் படுத்திருக்கட்டும், ஹேண்டில்பாரில் வேண்டாம். பேசுகிற போன் தனியாகச் சட்டைப்பையில். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். கார்மினில் இந்த இரட்டைக் காப்புக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவுக்கு ஒரு மாதம் போகிறவர் என்னிடம் கேட்டால் தீர்ப்பு மாறும். பிரான்ஸின் கிராமத்து ரோடுகளில் அரை கிலோமீட்டருக்கு ஒரு பிரிவு, பலகை அடுத்த ஊர்ப் பெயரை மட்டும் சொல்லும். திரை நாள் முழுக்க எரிந்தாக வேண்டும், மழையும் உண்டு. எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2 அங்கே காசுக்குத் தகுந்தது. அதைப்போல இரண்டு மடங்கு விலைக்கு வந்த 1040, பந்தயக்காரருக்கானது. நெதர்லாந்துக்கு மட்டும் போகிறவருக்கு அதுவும் தேவையில்லை. அங்கே சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கிறார்கள், எண்களைத் தாளில் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும்.

அந்தத் தாள் யோசனையைத்தான் நான் திருடிக்கொண்டேன். கொல்லிமலை அடிவாரத்தில் போன் செத்த இடத்துக்கு அதுவே மருந்து. பரந்தன் நேரே, மாங்குளம் நேரே, வவுனியாவில் தங்கல் என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்டால் கட்டியாயிற்று. நுவரெலியா ஏற்றத்து மழையில் இங்க் கரையுமா என்பதைச் சோதிக்க, தறிக்கார நண்பர் அதை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தார். பால்பாயிண்ட் எழுத்து நின்றது. ஜெல் பேனாவில் அவர் எழுதிய பாதி கரைந்துபோனது. 1040 ஆசை மட்டும் அவருக்கு இன்னும் கரையவில்லை.