ஓநாயும் நாணயமும்

கலைப்பொருளின் காலத்தைக் கண்ணால் மட்டும் கண்டு உறுதி செய்ய இயலுமா? உரோமாபுரியின் காப்பிட்டோலின் அருங்காட்சியகத்தில் நிற்கும் வெண்கல ஓநாய் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

உரோமை நிறுவியதாகக் கதை கூறும் ரோமுலஸ், ரேமுஸ் என்னும் இரட்டையர்க்குப் பாலூட்டிய ஓநாய் அது. 18ஆம் நூற்றாண்டில் செர்மானிய அறிஞர் விங்கெல்மன் அதனை உரோமர்க்கு முன்னோரான எத்ருஸ்கரின் படைப்பு என்றார். பிடரி மயிரின் ஒழுங்கான சுருள்களும் விலாவெலும்பின் விறைப்பும் தொன்மையின் அடையாளங்களாகத் தோன்றின. கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலைத்தது. குழந்தைகள் இருவரும் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவர்கள் என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். ஆயினும் ஓநாயின் தொன்மையைப் பெரும்பாலோர் ஐயுறவில்லை.

1997இல் தொடங்கிய சீரமைப்புப் பணியில் ஈடுபட்ட அன்னா மரியா கரூபா, சிற்பம் செய்யப்பட்ட முறையை நுணுகி நோக்கினார். பண்டைக்காலத்துப் பெரிய வெண்கலச் சிற்பங்கள் பகுதி பகுதியாக வார்க்கப்பட்டு இணைக்கப்படுவன. இந்த ஓநாயோ ஒரே வார்ப்பு. எனவே இஃது இடைக்காலப் படைப்பே என 2006இல் அவர் எழுதினார். பின்னர் நிகழ்ந்த கரிமக் காலக் கணிப்பும் கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டுகளையே சுட்டிற்று. இம்முடிவை ஏற்காத அறிஞரும் உளர். எனினும் பழைய உறுதி தகர்ந்துவிட்டது.

இனி ஒரு சிறு வெள்ளி நாணயத்தை நோக்குவோம். கி.மு. 269-266 அளவில் உரோமர் வெளியிட்டது அது. ஒருபுறம் ஹெர்குலிசின் தலை. மறுபுறம் ஓநாயும் இரட்டையரும். கீழே உரோமரின் பெயர். கி.மு. 296இல் ஒகுல்னியுஸ் உடன்பிறந்தார் இரட்டையர் சிலையை ஓநாயின் அடியில் நிறுவினர் என வரலாற்றாசிரியர் லிவி குறிக்கின்றார். அவ்விருவருள் குவிண்டுஸ் என்பார் கி.மு. 269இல் கான்சல் பதவி வகித்தார். நாணயத்து ஓநாய் கழுத்தைத் திருப்பிக் குழந்தைகளைப் பரிவோடு பார்க்கின்றது. அருங்காட்சியக ஓநாயோ குழந்தைகளைப் பாராது, புறத்தே விழித்து நிற்கின்றது. விரல்நுனி அளவான நாணயம் தன்னை வெளியிட்டோரைத் தானே கூறுகின்றது. பெருஞ்சிற்பமோ நாம் கூறியதையெல்லாம் மறுக்காது நின்றது.

எத்ருஸ்கரின் கலைக்கு இதனால் குறைவில்லை. 1553இல் அரெத்சோவில் கிடைத்த கிமேரா என்னும் வெண்கல விலங்கின் முன்காலில் எத்ருஸ்க எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன. அது பிறர் சான்றை வேண்டி நிற்பதன்று.

ஓநாய்ச் சிற்பத்தின் அழகும் குன்றிவிடவில்லை. தொன்மை என்பது அழகின் அளவுகோலன்று; அழகும் தொன்மைக்குச் சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பழைய திறனாய்வின் பிழை. சிற்பத்தை ஆய்வார்க்கு மட்டுமன்றி, நடையழகு ஒன்றைக்கொண்டே நூலின் காலத்தைக் கணிக்க முனையும் மாணவர்க்கும் இது பொருந்தும். சுவையுணர்வு ஆய்வைத் தொடங்கி வைக்கட்டும். தீர்ப்பைச் சான்றே வழங்குதல் வேண்டும்.