புருவமும் பெருமையும்

புருவத்தைச் சீர்செய்யலாமா? மூக்கை அறுவை செய்து நேராக்கலாமா? நிறம் வெளுக்கும் களிம்பு பூசலாமா? அரபிக் கல்லூரி ஆசிரியர்களாகிய நம்மிடம் இவ்வினாக்கள் அடிக்கடி வருகின்றன. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இவற்றைக் கேட்போர் பெரும்பாலும் மணமாகாத பெண்களின் தாய்மார்களே. 'கூடும்', 'கூடாது' என ஒரு சொல்லில் விடை தந்து அனுப்பிவிடுகிறோம். அவ்வழக்கத்தையே ஈண்டு திறனாய விழைகிறோம்.

பச்சை குத்துதல், புருவ முடி களைதல், பற்களை அராவி இடைவெளி உண்டாக்குதல் ஆகியவற்றை அழகுக்காகச் செய்வோரைக் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். 'அழகுக்காக' என்னும் சொல்லைச் சுட்டி, சிகிச்சைக்காகவோ பல்லின் குறையை நீக்கவோ செய்தால் குற்றமில்லை என இமாம் நவவீ (ரஹ்) விளக்கினார்கள். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்படவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். ஆணுக்குப் பொன்னணி விலக்கப்பட்ட மார்க்கத்தில் அளிக்கப்பட்ட சலுகை இது.

வேலூரில் 1940களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவையால் இயங்கச் செய்தார். நோய் தின்ற மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சீரமைக்கும் பணியும் அங்குத் தொடர்ந்தது. நோய் நீங்கிய பின்னரும், புருவமற்ற முகத்தைக் கண்டு ஊர் அவர்களை ஒதுக்கியதே காரணம். புருவத்தை மழிப்பது கண்டிக்கப்பட, அதே புருவத்தை நடுவது கருணையாயிற்று. செயலை மட்டும் நோக்கித் தீர்ப்பு வழங்க இயலாது. அதற்குத் தூண்டியது எது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

இன்று நம் பெண்களைத் தூண்டுவது எது? 1975இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது; வெண்மை மோகமோ மாறவில்லை. பாதரசம் கலந்த களிம்புகள் தோலின் கருநிறமி உருவாவதைத் தடுக்கின்றன. உடலுக்குள் ஊடுருவிச் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரில் 13 பேர் வெண்மைக் களிம்பு பூசியவர்கள் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். உயிருக்குத் தீங்கானதை ஷரீஅத் அனுமதிக்காது என நாம் கூறலாம். ஆயினும் அது பாதி விடையே.

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் வெயில் மண் இது. இங்கு மாநிறமே இயல்பு. நிறங்களின் வேறுபாட்டை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் (30:22) எண்ணுகிறது. அதனை ஓதும் இல்லங்களிலிருந்தே பெண் பார்க்கச் செல்கின்றனர். 'நிறம் கொஞ்சம் மட்டு' என்று சொல்லித் திரும்பி வருகின்றனர். அச்சொல்லின் விளைவே அந்தக் களிம்பு.

அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற கருத்தமைந்த முஸ்லிம் நூலின் ஹதீஸை அனைவரும் அறிவர். நல்லாடையும் நற்காலணியும் விரும்புவது பெருமையாகாது என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று அதே ஹதீஸ் முடிகிறது. முற்பகுதியை அழகு நிலையத்தார் வரை எடுத்தாளுகின்றனர். பிற்பகுதியை மிம்பரில் நாமும் விட்டுவிடுகிறோம்.

பெண்ணின் புருவத்தில் காட்டும் கண்டிப்பை மாப்பிள்ளை வீட்டாரின் நாவிடம் நாம் காட்டியதில்லை. அடுத்த முறை ஒரு தாய் அவ்வினாவுடன் வருகையில், விடை கூறுமுன், அவள் மகளை எந்த வீட்டார் என்ன சொல்லித் தட்டிக்கழித்தனர் என்று கேட்போம். அதன் பின் அந்த வீட்டுக்கும் செல்வோம்.