புனையா ஓவியமும் முற்றுப்பெறாத தோம்பும்

வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நிற்கும் உருவத்தைப் பழந்தமிழ் மக்கள் ‘புனையா ஓவியம்’ என வழங்கினர். ஓவியம் என்னும் சொல்லோடு ‘புனையா’ என்னும் அடையைச் சேர்த்தமையால், கோடு ஒன்றே உடையதும் ஓவியமேயாம் என்பதை அவர்கள் உடன்பட்டமை பெறப்படும். ஆயினும், பிற்காலத்தில் கோடு கட்டடத்துக்குக் கட்டிய சாரம் போன்றதாகவே கருதப்படலாயிற்று. வண்ணம் ஏறியதும் அது மறைந்துவிட வேண்டும்; மறையாது தெரியின் அது வேலை முற்றாமையின் அறிகுறி என்று கொள்ளப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஓவியர் செய்த மாற்றங்களுள், கோட்டுக்கு அதன் பழைய உரிமையை மீட்டளித்தமை தலையாய ஒன்று எனலாம்.

கிழக்கிலங்கையில், அம்பாறைக் கரையோரத்தினின்று உள்ளே, இறக்காமம் குளத்தின் பக்கமாக அமைந்த வரிப்பத்தான்சேனை போன்றதோர் உழவூரிலிருந்து ஓவியம் பயிலப் புறப்படும் மாணவனுக்கு இவ்வரலாறு எளிதில் எட்டுவதன்று. பாடசாலையில் ‘சித்திரம்’ என்னும் பாடத்தின்கீழ்ப் பூச்சாடியையும் பழத்தட்டையும் உள்ளவாறு வரைய அவன் பழகியிருப்பான். மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்றதோர் உயர்கல்விக் கூடத்தை அவன் அடையுங்கால், பரிசோதனை வரைதல், கலப்பூடகம் என்னும் பெயர்கள் முதன்முறையாக அவனை எதிர்கொள்ளும். சாக்குத் துண்டை ஒட்டுதல், தேயிலைச் சாயத்தைத் தெளித்தல், செய்தித்தாளைக் கிழித்துப் பதித்தல் ஆகியவையே பரிசோதனை என்று அவன் மயங்குதலும் இயல்பே. பொருள் புதிதாயின் ஓவியமும் புதிதாம் என்னும் இம்மயக்கம் மாணவரிடத்து மட்டுமன்றிக் காட்சிக்கூடங்களிலும் பரவலாகக் காணப்படுவது. இதனைத் தெளிதற்குக் கேட்கவேண்டிய வினா ஒன்றே: பழைய முறையாற் கூறவியலாத எதனைக் கூறும்பொருட்டு இப்புதிய முறை வேண்டப்பட்டது?

கலப்பூடகத்தின் தோற்றத்தை நோக்கின் இவ்வினாவின் பொருத்தம் விளங்கும். 1912 இல் பப்லோ பிக்காசோ, பிரம்புப் பின்னலைப் போல அச்சிடப்பெற்ற மெழுகுசீலைத் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கயிற்றையும் பொருத்தினார். பார்ப்பவர் கண்ணுக்கு அது நாற்காலியின் பின்னல். உண்மையில் அது ஆலையில் அச்சிட்ட போலி. தூரிகையால் தீட்டிய பகுதியும் தோற்றம். ஒட்டிய பகுதியும் தோற்றம். கயிறு ஒன்றே கயிறாக நிற்கின்றது. ஓவியத்துள் மெய் எது, தோற்றம் எது என்னும் வினாவைத் தூரிகை ஒன்றைக் கொண்டே இத்துணைக் கூர்மையாக எழுப்புதல் இயலாது. ஆதலின் மெழுகுசீலை அங்கு வேண்டப்பட்டது. அவ்வினாவை மறந்து மெழுகுசீலையை மட்டும் கைக்கொண்டோர் பின்னர்ப் பலராயினர்.

தமிழ் வழங்கும் நிலத்துக்கு அணித்தாக இதனையொத்த முயற்சியைச் செய்தவர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977). சென்னை அரசினர் ஓவியக் கல்லூரியின் முதல்வராய் விளங்கி, 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய அவர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைப் படைத்தார். எழுத்துப் போலத் தோன்றிப் படிக்கவியலாத வரிகள், கணிதக் குறிகள், சாதகக் கட்டத்தை நினைவூட்டும் கட்டங்கள் ஆகியவை அவற்றில் நிரம்பியுள்ளன. மாணவன் ஒருவனின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கமே இதற்குத் தூண்டுகோலாயிற்று என்பர். படிக்கத் தொடங்கும் கண், படிக்கவியலாமையாற் பார்க்கத் தொடங்குகின்றது. இதுவே அவ்வரிசையின் நுட்பம். ஏட்டையும் சாதகத்தையும் நெடுங்காலம் கையாண்ட மக்களின் கண்பழக்கத்தை அவர் ஓவியமாக்கினார். எனினும், அங்கு எழுத்து தன் பொருளை இழந்தே ஓவியத்துள் நுழைகின்றது. சாதகம் எவருடையது என்று வினவுவார்க்கு அவ்வோவியத்தில் விடையில்லை.

எவருடையது என்னும் அவ்வினாவையே முதலாகக் கொண்டு எழுந்தது, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் படைத்து 2011 இல் வெளிவந்த ஓவிய நூல். 1969 இல் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைவரலாறு கற்பிக்கும் அவர், தம் நூலுக்கு ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டார். தோம்பு என்பது போர்த்துக்கேயர் வழியாக வந்து, ஒல்லாந்தர் ஆட்சியில் வேரூன்றிய சொல். எக்காணி எவருக்குரியது, எக்குடியில் எத்தனை பேர், அவர் இறுக்கவேண்டிய வரியும் கடமையும் யாவை என்பவற்றை ஆள்வோர் எழுதிவைத்த பதிவேடே தோம்பு. ஆளப்பட்டோரின் நிலம் அதில் உண்டு. அவர்தம் குரல் இல்லை. அப்பெயரையும் அலுவலகக் கோப்பின் தோற்றத்தையும் எடுத்துக்கொண்டு, உள்ளே எழுதும் கையை மட்டும் ஓவியர் மாற்றினார்.

நூலின் அமைப்பு எளிமையானது. வடபுலத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேர், தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். அப்படத்தைக் கட்டடக்கலை முறைப்படி திருத்தமாக வரைந்த படம் ஒன்றும், ஓவியர் பேஸ்டலால் வரைந்த ஓவியம் ஒன்றும் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. அவர்தம் கூற்றும் உடன் உண்டு. இங்ஙனம் ஒரு வீட்டை மூன்று கோடுகள் மூன்று முறையாக அணுகுகின்றன. நூலின் சுவையும் சிக்கலும் இம்மூன்றினிடையே உள்ள வேறுபாட்டிலேயே தங்கியுள்ளன.

முதற்கோடு பயிலாத கையினது. அடிமட்டம் வைத்து வரையப்படாத அது, நடுங்கியும் வளைந்தும் செல்லும். நினைவால் வீட்டை வரையும் ஒருவர் அளவுநாடாவைக் கையிற் கொண்டவரல்லர். நாள்தோறும் புழங்கிய இடம் அவர் தாளில் அகன்றும், அரிதாக நுழைந்த அறை குறுகியும் அமைதல் கூடும். கிணற்றடிக்குக் கிடைக்கும் இடம் விறாந்தைக்குக் கிடையாது போகலாம். சித்திர ஆசிரியர் பிழையென வட்டமிடும் இடங்களே ஈண்டுச் செய்தியாகின்றன. வரைதல் என்பது கண்ணுக்கு முன்னுள்ளதைத் தாளில் இறக்குதல் என்று கற்ற மாணவன், கண்ணுக்கு முன் யாதும் இல்லாத நிலையில் வரையப்பெற்ற இக்கோட்டினை ஊன்றி நோக்குதல் வேண்டும். அழகுபெற வேண்டும் என்னும் முயற்சி இதிற் சிறிதும் இல்லை; மறந்துவிடக் கூடாது என்னும் முயற்சி ஒன்றே உள்ளது.

இரண்டாங்கோடு கட்டடக் கலைஞருடையது. நேராகவும் மெல்லியதாகவும் அமைந்து, வீட்டை ஒழுங்குபடுத்துகின்றது. பொதுவாகக் கட்டட வரைபடம் இனி எழவேண்டிய வீட்டின்பொருட்டு வரையப்படுவது. இந்நூலிலோ அது இழந்துபோன வீட்டின்பொருட்டு வரையப்படுகின்றது. இம்மாற்றம் ஒன்றாலேயே உணர்ச்சியற்ற அக்கோடு உணர்ச்சிக்கு இடமாகின்றது. வீட்டை மீளக் கட்டலாம் என்று அது உறுதி கூறுவது போலும். அதேவேளை, முதற்கோட்டில் இருந்த நடுக்கத்தை அகற்றுவதன்மூலம் அவ்வீட்டில் வாழ்ந்தவரையும் அகற்றிவிடுகின்றது. நீதிமன்றமும் காணி அலுவலகமும் ஏற்கத்தக்க படம் இதுவே. ஏற்கத்தக்கதாகும்போது இழக்கப்படுவது யாது என்பதை முதற்படத்தோடு ஒப்பிட்டு எவரும் காணலாம்.

மூன்றாங்கோடு ஓவியருடையது. இங்கேதான் திறனாய்வாளன் சற்று நிற்கவேண்டியவனாகின்றான். பேஸ்டல் தாளின்மேல் தூளாகவே படிந்து நிற்பது. நிலைநிறுத்தும் கரைசல் தெளிக்கப்படாவிடின் விரல் பட்டதும் கலைவது. நிலையாமையைப் பேசும் நூலுக்கு இவ்வூடகம் முற்றும் பொருந்துவது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டுக்குரியவர் தாமே வரைந்த படத்தின் அருகே ஓவியரின் உருவகம் வந்து நிற்கும்போது, சான்றுக்கு மேலோர் உரை எழுதப்பட்டதோ என்னும் வினா எழுகின்றது. முதற்படம் தானே பேசவல்லது. அதற்கு உரை வேண்டப்படுவதில்லை. 80 வீடுகளிலும் இவ்வொழுங்கே தொடர்தலின், மூன்றாம் படத்தை எதிர்பார்த்தே பக்கத்தைப் புரட்டும் பழக்கம் வாசகனிடத்துத் தோன்றிவிடுதலும் உண்டு. நூலின் குறை என்று ஒன்றைச் சுட்டவேண்டின் இதனையே சுட்டுதல் தகும்.

எனினும், மூன்றாங்கோட்டை முற்றாக நீக்கிவிட்டால் நேர்வது யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அப்போது ஓவியர், பிறர் கூறியதை எழுதித் தொகுத்துத் தாம் மறைந்துகொள்ளும் தோம்பு எழுத்தராகிவிடுவர். பழைய தோம்பின் அதிகாரமும் எழுதியவன் தெரியாமையிலேதான் இருந்தது. சனாதனன் தம் கோட்டையும் ஏனைய இரண்டினோடு வைத்து, தாமும் தவறக்கூடிய ஒரு சாட்சியே என்பதை ஒப்புக்கொள்கின்றார். அக்கோடு சில இடங்களில் மிகையாகத் தோன்றினும், அது நூலில் இருத்தல் நேர்மையின்பாற்படுவது.

பணிக்கரின் வரிசையோடு இந்நூலை ஒப்பிடின் இரண்டின் இயல்பும் துலங்கும். அவர் ஆவணத்தைப் படிக்கவியலாததாக்கி ஓவியமாக்கினார். இவர் ஓவியத்தைப் படிக்கவேண்டிய ஆவணமாக்கினார். முன்னதில் கண் மகிழ்கின்றது. பின்னதில் கண்ணுக்குப் பொறுப்பு ஏற்படுகின்றது. முன்னதன் காலத்தில், மேனாட்டு நவீனத்துக்கு மறுமொழியாகத் தம் மண்ணின் வடிவங்களைத் தேடுதல் சென்னை ஓவியர்க்கு இன்றியமையாததாயிருந்தது. பின்னதன் காலத்தில் மண்ணே கையை விட்டுப் போயிற்று. தேவை வேறுபட்டமையின் முறையும் வேறுபட்டது.

‘முற்றுப்பெறாத’ என்னும் அடைமொழியும் அலங்காரமாக வந்ததன்று. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில நாள்களுள் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். 2009 இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களில் வன்னியில் இழக்கப்பட்ட வீடுகள் இன்னொரு பெருந்தொகை. எந்தக் கோப்பும் இவ்வனைத்தையும் அடக்காது. ஆதலின் 80 என்னும் எண், நூலின் நிறைவைக் காட்டிலும் விடுபட்டவற்றின் மிகுதியையே உணர்த்துகின்றது.

இதே ஓவியர் 2004 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் வைத்த படைப்பும் ஈண்டுக் கருதத்தக்கது. 1981 இல் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பெற்ற அந்நூலகத்தில், மக்கள் தம் இல்லங்களிலிருந்து கொடுத்த சிறு பொருள்கள் திரட்டி வைக்கப்பட்டன. ஏடுகள் அழிந்த இடத்தில் பொருள்கள் ஏடுகளாயின. கலப்பூடகம் என்னும் பெயர் அங்கு நினைவுக்கு வருவதே இல்லை. கொடுத்தவர் முகமே நினைவுக்கு வருகின்றது. ஊடகம் பொருளோடு முற்றும் பொருந்தியமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கிழக்கின் மாணவனுக்கு இவற்றாற் கிடைப்பது பின்பற்றுதற்குரிய ஒரு பாணியன்று. யாழ்ப்பாணத்துத் தோம்பை அவன் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் படியெடுப்பானாயின், அதுவும் சாக்குத் துண்டை ஒட்டியதனையே ஒக்கும். அவன் ஊர்ப்புறத்துக்கென வேறு வினாக்கள் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. அங்கு இழந்த வீட்டை வரைபவர், பகைவன் எவன் என்று சுட்டவியலாத இழப்பை வரைதல் வேண்டும். உள்நாட்டு வயலூரவனுக்கோ வரம்பும் வாய்க்காலும் பருவந்தோறும் அழிந்து மீளும் கோடுகள். பன்பாய்த் துண்டொன்றைத் தாளில் ஒட்டி ‘எம் பண்பாடு’ என்று பெயரிடுதல் எளிது. மருதமுனைத் தறியில் பாவும் ஊடையும் குறுக்கிடும்போது கோடு வரையப்படும் கணத்திலேயே துணியாகவும் ஆகிவிடுகின்றதே, அதனின்று வரைதலுக்குக் கற்கத்தக்கது யாது என்று ஆராய்தல் அரிது. பரிசோதனை என்னும் பெயருக்கு உரியது இவ்வரிய வழியே.

இவ்வழிக்கு முன்னோடியை அவன் தொலைவிற் சென்று தேடவேண்டியதில்லை. கல்முனைக்கு அருகே காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழினை இலக்கியச் சான்றுகளினின்று கணக்கினாலும் வடிவமைப்பினாலும் மீட்கமுயன்று, 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றினார். அடிகள் ஓவியரல்லர். ஆயினும், எவரும் கண்ணாற் காணாத ஒன்றுக்குச் சொற்களின் துணைகொண்டு உருவம் வரைதலைத் தம் வாழ்நாளிற் பல்லாண்டுக் கடமையாக அவர் மேற்கொண்டார். கண்முன் இல்லாத வீட்டை நடுங்கும் கையால் வரைந்த அந்த 80 பேரும், நரம்பு அறுந்த யாழின் அளவைக் கணித்த அடிகளும் வெவ்வேறு துறையினர். எனினும், இல்லாததற்கு உருவம் தருங்கால் கற்பனையைக் காட்டிலும் உண்மைக்கே கட்டுப்பட்டவராய் அவர்கள் இருந்தனர் என்பதில் ஒருமைப்பாடு உண்டு. வரிப்பத்தான்சேனையிலிருந்து வரும் மாணவன் தாளின்முன் அமரும்போது, எவ்வூடகத்தை எடுப்பது என்பதை அதன்பின் முடிவுசெய்தல் சாலும்.