முதல் மிதி

இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் 'டிராக் டே' நடக்கும் நாட்களில், மதியத்துக்குள் ஒரு நெடி பரவிவிடும். வீட்டிலிருந்து ஓட்டிவந்த காரை அப்படியே தளத்தில் இறக்கியவர்களின் பிரேக் பேட் தீய்கிற நெடி அது. நாலைந்து சுற்று ஓடியதும் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். பயந்துபோய் வீடு திரும்புகிறவர் அன்றிரவே தேட ஆரம்பிப்பார். மறுவாரம் பந்தயப் பேட் வந்து இறங்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே பேட்டோடு அவர் செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்கும் போகப்போகிறார்.

முதலில் அவர் பக்க நியாயத்தைப் பார்த்துவிடலாம். 1,300 கிலோ எடையுள்ள காரை மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறக்கினால் சுமார் 13 லட்சம் ஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது. அதில் பெரும்பகுதியைச் சில வினாடிகளில் பேட்டும் டிஸ்க்கும் வாங்கிக்கொள்கின்றன. 3.7 கிலோமீட்டர் சுற்றில் அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாதாரணப் பேட்டில் இழைகளையும் பொடிகளையும் பிணைத்திருப்பது ரெசின். சூடு எல்லை மீறினால் ரெசின் சிதைந்து வாயு கக்கும், உராய்வு சரியும். பந்தயப் பேட் இந்தச் சூட்டுக்கென்றே கலக்கப்பட்டது. பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் பெடலே காலுக்குக் கிடைக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்பவர் தளத்தில் ஓட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் அதை வாங்குகிற பலர் இதற்காக வாங்குவதில்லை. 'வண்டி சீக்கிரம் நிற்கும்' என்று நம்பி வாங்குகிறார்கள். நல்ல நிலையில் உள்ள எந்தக் கம்பெனிப் பேட்டும், ஒருமுறை ஓங்கி மிதித்தால், ஏபிஎஸ்ஸைத் துடிக்க வைத்துவிடும். அது துடித்தால் டயரின் பிடி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் உராய்வு எண் 0.38இலிருந்து 0.50 ஆனாலும் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம்தான் குறையும்; நிற்கும் தூரம் குறையாது. அந்தக் காசை டயரில் போட்டிருந்தால் தூரமும் குறைந்திருக்கும்.

எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. பேட்டின் முதுகில் 'எஃப்எஃப்', 'ஜிஜி' என்று இரண்டெழுத்து அச்சாகியிருக்கும். அமெரிக்க எஸ்ஏஇ அமைப்பின் குறியீடு அது: எஃப் என்றால் உராய்வு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது உயர்சூட்டுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனை நடப்பது ஒரு சதுர அங்குலத் துண்டை வைத்து. அதில் உயர்சூடு என்பது 343 டிகிரி செல்சியஸோடு முடிந்துவிடுகிறது. தளத்தில் டிஸ்க் 500 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே என்ன ஆகும் என்பது பற்றி அந்த எழுத்துகளிடம் பதில் இல்லை. பெட்டியில் வரையப்படும் வெப்ப வரைபடமோ அந்தந்தக் கம்பெனி தானே எழுதிக்கொண்ட ஜாதகம். ஒன்றை இன்னொன்றோடு பொருத்தம் பார்க்க முடியாது.

ஐரோப்பாவின் ஆர்90 விதி இதில் வேறு மாதிரி யோசிக்கிறது. மாற்றுப் பேட்டின் செயல்திறன் ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்கிறது. கூடினாலும் தப்புதான். எனக்கு இந்த விதி பிடிக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கை எப்படிப் பங்கிடுவது என்பது காரை வடிவமைத்தவர் பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு. பின்னால் மட்டும் கடியை ஏற்றிவிட்டு, மழை நாளில் வளைவில் மிதித்தால் வால் திரும்பும். இப்போதெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் அதைப் பெருமளவு மறைத்துவிடுவதால் தப்பு செய்தவருக்கே அது தெரிவதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். மார்கழிக் காலை, தெருமுனையில் பால் வண்டி குறுக்கே வருகிறது. அன்றைய முதல் மிதி. அசல் பந்தயப் பேட்டுகள் பலவற்றில் சூடேறும்வரை உராய்வு குறைவு. காலுக்குப் பழகிய அழுத்தத்தில் பழகிய பிடி கிடைக்காது. ஆளை அடிப்பது அந்த அரை வினாடித் திகைப்புதான். சூடேறாத பேட், டிஸ்க்கின்மேல் தன் மெல்லிய படலத்தையும் படியவைக்காது. அரம்போல இரும்பை ராவும், ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சிடும். 700 டிகிரி தாங்கும் பொருளை வாங்கிவிட்டு 80 டிகிரியில் ஓட்டுகிறோம்.

தளத்துக்கு ஒரு செட், சாலைக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். அறிவான வழிதான். ஆனால் ஒரு கலவை விட்டுப்போன படலத்தின்மேல் இன்னொரு கலவை சீராக ஒட்டுவதில்லை. ஸ்டீயரிங் நடுங்கும். 'டிஸ்க் கோணிடுச்சு சார்' என்று மெக்கானிக் கடைசல் போட அனுப்புவார். பெரும்பாலும் கோணலே இல்லை, திட்டுத்திட்டாகப் படிந்த படலம்தான் காரணம். கார் பொறியாளர் கரோல் ஸ்மித் இதை விரிவாக எழுதியும் அந்தப் பேச்சு ஒழியவில்லை. முறையாகச் செய்வதென்றால் பேட்டுக்கு ஒன்றாக டிஸ்க்கும் இரண்டு செட் வேண்டும்.

சாதாரணப் பேட்டுக்கும் பந்தயப் பேட்டுக்கும் இடையில் இருக்கும் வேகச்சாலைப் பேட்டுகளை நான் கொஞ்சம் தாராளமாகவே பரிந்துரைப்பேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் குடும்பத்தோடு இறங்குகிறவருக்கு அவை நிஜமாகவே உதவும். ஆறிய நிலையிலும் பிடிக்கும், நடுச்சூட்டில் நீண்டநேரம் தாக்குப்பிடிக்கும். கீழ் கியரில் இறங்குவது அதைவிட உதவும் என்பது வேறு.

என் நண்பர் ஒருவர் போன மாதம் பந்தயப் பேட் பெட்டியைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்டார். நான் ஒன்றுதான் கேட்டேன்: தளத்தில் பிரேக் போனபோது பெடல் கல்லு மாதிரி இருந்ததா, பஞ்சு மாதிரி உள்ளே போனதா? கல்லாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேட் சோர்ந்துவிட்டது. உள்ளே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்று விதியே இறங்கிவருகிறது. கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை வருஷம் என்றும் கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் பெட்டியைப் பார்த்தபடி, "உள்ளே போச்சுடா" என்றார்.