வீரமாமுனிவர் வரலாற்றில் மெய்ம்மையும் மிகையும்

தமிழகம் வந்த கிறித்தவச் சமயப் பரப்புநருள் வீரமாமுனிவர் அளவிற்குக் கதைகளால் சூழப்பெற்றவர் வேறொருவர் இலர். அவர்தம் தமிழ்ப்பணி குறித்த ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. எனினும் அவருடைய வாழ்க்கை வரலாறு எங்ஙனம் எழுதப்பட்டது என்னும் வினா அத்துணை ஆழமாக ஆராயப்படவில்லை. சமயத் தலைவர் ஒருவரை அவர் வழிவந்தோர் உயர்த்திக் கூறுங்கால் மெய்ம்மைக்கு நேர்வது யாது என்பதற்கு அவ்வரலாறு தக்க சான்றாகும். அதனை இலக்கியத் திறனாய்வு நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் கருத்து.

சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பணியாற்றிய அ. முத்துசாமிப் பிள்ளையை எல்லீசு துரை 1816-இல் முனிவரின் நூல்களைத் தேடித் திரட்டுமாறு தென்னாட்டிற்கு அனுப்பினார். அத்தேட்டத்தின் பயனாக 1822-இல் முனிவர் சரித்திரம் தமிழில் எழுதப்பட்டது. அதன் ஆங்கில வடிவம் 1840-இல் அச்சேறியது. தேம்பாவணியோ 1851 முதல் 1853 வரையிலான ஆண்டுகளில்தான் புதுச்சேரியில் முதன்முதலாக அச்சு வாகனம் ஏறிற்று. எனவே காப்பியம் கற்போர் கைக்கு வருமுன்னரே காப்பியப் புலவரின் கதை பரவிவிட்டது. இம்முறைமாற்றம் பிற்காலத்தார் பலர் முனிவரை நோக்கிய நோக்கையே தீர்மானித்தது எனலாம்.

முத்துசாமிப் பிள்ளை தீட்டும் ஓவியம் பெருஞ்சிறப்புடையது. திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிப்பைக் காண விழைந்த முனிவர் மூன்றே மாதங்களில் பாரசீகமும் இந்துத்தானியும் கற்றுத் தேர்ந்தார். மகிழ்ந்த சந்தா சாகிப் அவருக்கு இஸ்மத் சந்நியாசி என்னும் பட்டமும், பல்லக்கும், ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருவாயுள்ள நான்கு ஊர்களும் அளித்துத் திவானாகவும் அமர்த்தினார். முனிவர் உயர்ந்த ஆடைகளுடன் குதிரை வீரரும் கொடி பிடிப்போரும் சூழ உலாப் போந்தார் என்பது அச்சரித்திரம் கூறும் செய்தி. சந்தா சாகிப் வீழ்ந்தபின் முனிவர் மணப்பாடு சென்று 1742-இல் இறந்தார் என்று சரித்திரம் முடிகிறது.

இச்செய்திகளைக் காலவரிசையில் வைத்து நோக்குதல் வேண்டும். சந்தா சாகிப்பின் கையில் திருச்சி இருந்தது 1736 முதல் 1741 வரையிலான ஐந்தாண்டுகளே. தேம்பாவணி 1726-இலும், வேதியர் ஒழுக்கம் 1727-இலும், தொன்னூல் விளக்கம் 1730-இலும், சதுரகராதி 1732-இலும் இயற்றப்பட்டவை. முனிவரை முனிவராக்கிய நூல்கள் யாவும் அரண்மனைத் தொடர்பு ஏற்படுவதற்கு முன்னரே முடிந்துவிட்டன. ஆகவே திவான் பதவி உண்மையேயாயினும் அது அவருடைய இலக்கிய வாழ்வில் ஓர் எழுத்தையும் விளக்காது. அன்றியும், வறுமை நோன்பேற்ற சேசு சபைத் துறவி ஒருவர் நான்கு ஊர்களின் வருவாயை நுகரும் அரச அலுவலராவது சபை ஒழுங்கிற்கு முற்றிலும் புறம்பானது. அத்தகைய நிகழ்ச்சியைச் சபையின் மடல்கள் பேசாது விட்டிரா. லெயோன் பெஸ் அடிகளார் 1918-இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சபை ஆவணங்களைக் கொண்டு முனிவர் வரலாற்றை மறுபடியும் கட்டியெழுப்பினார். அதன்பின்னும் திவான் கதை தளரவில்லை.

முத்துசாமிப் பிள்ளையைப் பொய்யர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேரிய திறனாய்வாகாது. முனிவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கழிந்தபின், முதியோர் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர் அவர். சுவடிகளைத் தேடிக் காத்த அவருடைய உழைப்பு பெரிது. அவர் கைக்கொண்ட இலக்கிய வகைதான் சிக்கலுக்குக் காரணம். புலவன் புரவலனைக் காண்கிறான். புலமையால் அவனை வெல்கிறான். ஊரும் பல்லக்கும் பரிசிலாகப் பெறுகிறான். புரவலன் வீழ, புலவனும் நெடிது வாழாது மறைகிறான். இஃது ஆற்றுப்படையும் தனிப்பாடற் கதைகளும் வளர்த்த வாய்பாடு. பாரி இறந்தபின் கபிலர் வடக்கிருந்த கதையை அறிந்த மரபிற்கு, சந்தா சாகிப் சிறைப்பட்ட மறு ஆண்டே முனிவர் இறப்பது இயல்பாகவே தோன்றியிருக்கும். 1742 என்னும் ஆண்டு ஆவணத்திலிருந்து பிறந்ததன்று, கதையின் தேவையிலிருந்து பிறந்தது என்பதே என் கருத்து. சபை ஆவணங்களின்படி முனிவர் மறைந்தது 1747 பிப்ரவரி 4 அன்று, சேரநாட்டு அம்பலக்காட்டில்.

மிகை தமிழ் அணியிலக்கணத்திற்குப் புதிதன்று. தண்டியலங்காரம் அதனை அதிசயம் என்னும் அணியாக ஏற்கிறது. ஆயினும் உலக வரம்பைக் கடவாமையும் சான்றோர் வியத்தலும் ஆகிய இரண்டு எல்லைகளை அதற்கு வகுக்கிறது. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தில் அணியையும் ஓர் அதிகாரமாக்கிய முனிவர் இதனை நன்கறிந்தவர். தேம்பாவணியின் 3615 பாடல்களில் சூசையப்பரின் நாட்டையும் நகரையும் அவர் உயர்த்திப் பாடியபோது எவரும் அதனைப் பொய்யென்னார். படிப்போரும் பாடுவோரும் அவ்வுடன்பாட்டை அறிவர். சரித்திரம் என்று பெயரிட்டு உரைநடையில் எழுதும்போது அவ்வுடன்பாடு நீங்கிவிடுகிறது. முத்துசாமிப் பிள்ளை காப்பிய உரிமையை உரைநடைக்குள் கொண்டுவந்தார். பின்வந்தோர் அதனை ஆவணமாகப் படித்தனர்.

அம்மிகை ஓரிடத்தில் நில்லாது வளர்ந்ததே பெரிதும் கருதத்தக்கது. தமிழ்நாட்டரசு 2019-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் முனிவர் இரண்டே மாதங்களில் உருது கற்றதாகக் கூறுகிறது. மூன்று மாதம் இரண்டாகக் குறைந்துவிட்டது. அதைவிட வியப்பானது பட்டத்திற்குக் கூறப்படும் காரணம். முனிவரின் எளிமையையும் துறவையும் கண்டு வியந்த சந்தா சாகிப் இஸ்மத் சன்னியாசி என்னும் பட்டத்தை வழங்கினார் என்கிறது பாடநூல். பல்லக்கும் பரிவாரமும் நான்கு ஊர்களும் சூழ்ந்திருந்த பட்டம் இங்கு எளிமைக்குக் கிடைத்த பரிசாக மாறியது. முந்தைய தலைமுறைக்கு ஆடம்பரம் பெருமை. நம் தலைமுறைக்கு எளிமை பெருமை. நமக்கு எது பெருமையோ அதனை முனிவர்மேல் ஏற்றிக்கொண்டோம். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது என்பதைப் பாடநூல் எழுதியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மிகைக்கு எதிராக எழுந்த குறைகூறலும் இதே மண்ணில் முளைத்ததுதான். தேம்பாவணியை அவருடைய ஆசிரியர் சுப்ரதீபக் கவிராயரே பாடிக் கொடுத்தார் என்னும் வழக்கு நீண்ட காலமாக உண்டு. மூன்று மாதத்தில் இருமொழி கற்ற அற்புத மனிதர் என்று ஒருவரைக் காட்டினால், ஐயுறுவோர் அவர் எதையுமே கற்கவில்லை என்று கூறத் தலைப்படுவர். 1711 தொடங்கிக் காப்பியம் முடிந்த 1726 வரை பதினைந்தாண்டுகள் ஏலாக்குறிச்சி முதலிய ஊர்களில் மக்களொடு வாழ்ந்து கற்ற உழைப்பை இரு சாராருமே மறைத்துவிட்டனர். பதினைந்தாண்டு உழைப்பு அற்புதத்தினும் நம்பத்தக்கது, அதனினும் வியக்கத்தக்கது.

முனிவரே இவ்வகை மிகையை எங்ஙனம் நோக்கியிருப்பார் என்று வினவுதல் பொருந்தும். வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை அவர் உபதேசியார்களுக்காகவே எழுதினார். வேதம் போதிப்பவன் தன் நடையால் போதிக்க வேண்டும் என்பதே அந்நூலின் அடித்தளம். 1822-இல் பாபிங்டன் இலண்டனில் அச்சிட்ட பரமார்த்த குருவின் கதையோ, தகுதியற்ற குருவையும் அவர் பெருமையை மெய்யென்று நம்பி அலையும் சீடரையும் எள்ளி நகையாடுவது. முத்துசாமிப் பிள்ளையின் சரித்திரம் எழுதப்பட்டதும் அதே 1822-இல் என்பது வரலாற்றின் குறும்பு. எனினும் முனிவரை முற்றக் குற்றமற்றவராக்குதலும் மற்றொரு மிகையாகும். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து அவர் எழுதிய வேத விளக்கம் முதலியன வாதநூல்கள். எதிர்த்தரப்பிற்குரிய நியாயத்தை அவற்றில் தேடுவது வீண். உபதேசியாரிடம் அவர் வேண்டிய நேர்மை வாதக் களத்தில் அவரிடமே தளர்ந்தது என்று கூறத் தயங்க வேண்டியதில்லை.

திவான் கதையால் நாம் இழந்தது சிறிதன்று. மணப்பாட்டில் 1742-இல் கதையை முடித்துவிட்டதால் அம்பலக்காடு தமிழ் மாணவர் நினைவில் இடம்பெறவே இல்லை. இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறை, தேவிகுளம் பகுதிகளில் தோட்டத் தொழிலாளர் மக்கள் தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். தாம் வாழும் மாநிலத்திலேயே சதுரகராதி ஆசிரியர் உயிர்நீத்தார் என்று அவர்களுக்குக் கூறுவார் இலர். இன்றைய திருச்சூர் மாவட்டத்திலுள்ள அம்பலக்காட்டில்தான் அந்தாம் தெ புரோயென்சா அடிகள் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, தொகுத்தவர் மறைந்தபின் 1679-இல் அச்சிடப்பட்டது. அவ்வச்சு நிகழ்ந்து 68 ஆண்டுகளுக்குப்பின் மற்றோர் அகராதி ஆசிரியர் அதே ஊரில் கண்மூடினார். பல்லக்கும் குதிரைகளும் இன்றி நிற்கும் இச்செய்தி நம் இலக்கிய வரலாற்று நூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.