உடுக்கையும் வெள்ளித்திரையும்

ரசிகன் என்னும் சொல் நம் காலத்தில் மெலிந்துபோன சொற்களுள் ஒன்று. சுவையறிந்து நுகர்பவன் என்பதே அதன் பொருள். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவர், நடிகரின் உருவப் பலகைக்குப் பாலாபிஷேகம் செய்பவரும், முதல் நாள் முதல் காட்சிக்காக விடியுமுன் வரிசையில் நிற்பவருமே. அவர்களைப் பழிப்பது எளிது. நாமும் மேடைதோறும் பழித்துத்தான் வருகிறோம். ஆயினும் அந்த ஆரவாரத்துக்குள் உண்மையான ஒரு பசி இருக்கிறது. தன்னைக் காட்டிலும் பெரிதான ஒரு கதைக்குள் சில மணி நேரமேனும் வாழ்ந்து வரவேண்டும் என்னும் பசி அது. அதற்கு எந்த உணவு இடப்படுகிறது என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை ஆராய்வதற்கு வெள்ளகோவில் வட்டாரத்தைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை எனலாம். ஏனெனில் இங்கே ஒரே கதையை மக்கள் பாட்டாகக் கேட்டிருக்கிறார்கள், சடங்கு நாடகமாகக் கண்டிருக்கிறார்கள், திரைப்படமாகவும் பார்த்திருக்கிறார்கள். அண்ணன்மார் சுவாமி கதை என்று முதியோரும், பொன்னர் சங்கர் கதை என்று இளையோரும் அழைக்கும் கொங்கு நாட்டுக் காவியமே அது.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். குழந்தைப் பேற்றுக்காக நெடுந்தவம் இருந்த தாமரைக்கும் குன்னுடையாக் கவுண்டருக்கும் பொன்னர், சங்கர் என்னும் இரு மைந்தரும், அருக்காணித் தங்காள் என்னும் மகளும் பிறக்கின்றனர். மூத்தவர் பொறுமையே உருவானவர். இளையவர் சினமே உருவானவர். பதினாறு வயதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள். வேட்டுவரோடு மூண்ட பகையில், கொம்பன் என்னும் பெரும் பன்றியைக் கொன்ற பின், இருவரும் தம் வாளிலேயே வீழ்ந்து படுகளத்தில் மாள்கின்றனர். தங்காள் காடெல்லாம் தேடி வந்து உடன்பிறந்தாரைக் கண்டெடுத்துச் சிறிது நேரம் உயிர் பெறச் செய்து பேசுகிறாள். பின்னர் அவர்கள் மீண்டும் பிரிந்து போகிறார்கள்.

இக்கதையை உடுக்கையடித்துப் பாடும் மரபு கொங்கு நாட்டின் தனிச் செல்வம். இடக்கையில் உடுக்கையைப் பிடித்து, அதன் இடையில் ஓடும் கயிற்றை நெருக்கியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்கி, வலக்கை விரல்களால் தட்டிப் பாடுவார் தலைமைப் பாடகர். உடன் அமர்ந்திருக்கும் துணைப் பாடகர் அவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போடுவார். சில வேளை குறுக்கே கேள்வியும் கேட்பார். இந்த ஆமாம் போடுபவரை நான் மிக முக்கியமானவராகக் கருதுகிறேன். அவர் பாடகர் பக்கம் அமர்ந்திருக்கிறாரே ஒழிய, உண்மையில் கேட்போரின் பேராளர். அவர் குரல் சோர்ந்தால் கதையும் சோர்கிறது. பாட்டும் வசனமும் மாறி மாறி வர, ஓர் இரவில் முடியாமல் பல இரவுகளுக்கு நீளும் கதை அது. குழந்தைகள் உறங்கிவிட்டால் பாடகர் நகைச்சுவைக் கட்டத்தை நீட்டுவார். பன்றி வேட்டைக்குத் தன்னை அழைக்காமல் போய்விட்டார்களே என்று ஊடல் கொண்ட பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெண் நாய், வீரர் எவராலும் அடக்க முடியாத கொம்பனைக் கடித்து வீழ்த்தும் கட்டத்தில் கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். தங்காள் படுகளத்துக்கு வரும் கட்டத்திலோ உடுக்கையின் நடையே மாறிவிடும். ஒப்பாரியின் நடை அது. கேட்டிருக்கும் பெண்கள் அழுவார்கள். சிலர் மேல் சாமி வரும்.

இப்பாட்டின் மீது ஒருவர் கொண்ட ஈடுபாட்டுக்கு வெள்ளகோவிலுக்கு அருகிலேயே வியப்பான சான்று உண்டு. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன கண்ணபுரத்தை ஒட்டிய ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில், 1960களின் நடுவே பிரெண்டா பெக் என்னும் இளம் மானிடவியல் ஆய்வாளர் வந்து தங்கினார். 1965இல் ராமசாமி என்னும் பாடகர் பல இரவுகள் தொடர்ந்து பாடிய இக்கதையை அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1972இலும், இக்காவியத்தைப் பற்றிய ஆய்வு நூல் 1982இலும் வெளிவந்தன. ராமசாமியின் பாடல் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதிகளில் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக 1992இல் அச்சேறியது. அதற்குப் பின்னும் அவர் ஓயவில்லை. அதே பாடலை அடிப்படையாகக் கொண்டு 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டப் படத் தொடரையும் உருவாக்கினார். ஓர் ஆய்வுப் பட்டத்துக்காக வந்தவர் பட்டம் கிடைத்தபின் போய்விடுவதே உலக வழக்கம். ஒரு பாடகரின் குரல் வாழ்நாள் முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தால் அன்றி இத்தகைய உழைப்பு இயலாது. அவரை ஆய்வாளர் என்பதைவிட ரசிகை என்றே அழைக்கத் தோன்றுகிறது. அச்சொல்லின் பழைய மதிப்பில்தான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ராமசாமி கதைத்தலைவர்களின் குலத்தைச் சேர்ந்தவர் அல்லர். முடிதிருத்தும் தொழில் மரபில் வந்தவர். அண்ணன்மாரைத் தெய்வமாக வழிபடுவோரும் ஒரே குலத்தார் அல்லர். ஆனால் அண்மைக் காலத்தில் இக்கதையைத் தம் குலப் பெருமையின் கொடியாக உயர்த்திப் பிடிப்போர் பெருகியிருக்கின்றனர். நடிகரின் உருவப் பலகைக்குப் பாலூற்றும் ரசிகருக்கும் இவர்களுக்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. இருவரும் கதைக்குள் தம்மை மட்டுமே தேடுகின்றனர். கதையில் இருப்பதோ, சொந்தப் பங்காளிகளின் வஞ்சகத்தால் வீடிழந்த குடும்பம், மலடி என்று இகழப்பட்ட பெண்ணின் தவம், தமையரை இழந்த தங்கையின் கதறல். எந்தக் குலத்துக்கும் தனியுரிமையான துயரங்கள் அல்ல இவை.

இக்கதை வெள்ளித்திரைக்கு வந்தது 2011இல். மு. கருணாநிதி எழுதிய ‘பொன்னர் சங்கர்’ என்னும் புதினத்தைத் தழுவி, தியாகராஜன் இயக்க, இளையராஜா இசையமைக்க, பிரசாந்த் இரு வேடங்களிலும் நடித்தார். பெரும் பொருட்செலவில் அரண்மனைகளும் படைகளும் அமைந்தன. முயற்சியைக் குறைகூற மனம் வரவில்லை. நாட்டுப்புறக் காவியம் ஒன்றைப் பெருந்திரைக்குக் கொணரத் துணிந்ததே பாராட்டத்தக்கது. ஆயினும் அதன் அடிப்படையில் ஒரு கோளாறு இருந்தது. இரட்டை வேடம் என்பது நம் திரையின் பழைய இன்பம். ஒரே முகம் இரண்டாகத் தோன்றும் வித்தையில் ரசிகர் மகிழ்வர். ஆனால் பொன்னரும் சங்கரும் ஒரே முகத்தின் இரு பிரதிகள் அல்லர். பொறுமையும் சினமும் ஒரே வீட்டில் பிறந்து ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இக்காவியத்தின் உயிர். உடுக்கைப் பாடகர் குரலை மாற்றி ஒரு நொடியில் காட்டிவிடும் இவ்வேற்றுமையை, நடிகர் ஒருவருடைய முகத்தின் ஒளி விழுங்கிவிடுகிறது. வயலும் மாடும் கிணறும் அறிந்த குடியானவக் கதை, பட்டாடை அணிந்த அரசர் கதையாகிவிட்டது. பொன்னாச்சி நாய்க்குச் சிரித்துப் பழகிய ஊருக்கு அந்த அரண்மனை அந்நியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

திரைப்படம் என்றாலே இப்படித்தான் ஆகுமா? ஆகவேண்டியதில்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். அங்கே புளூகிராஸ் என்றொரு நாட்டுப்புற இசை உண்டு. கென்டக்கி மாநிலத்துப் பில் மன்றோ என்பவர் 1930களின் இறுதியில் தொடங்கிய குழுவின் பெயரால் வழங்குவது. மாண்டலின், பான்ஜோ, வயலின், கித்தார் போன்ற நரம்புக் கருவிகளே அதற்குப் போதும். மின்கருவிகளின் முழக்கம் கிடையாது. ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்றுகொண்டு, தன் முறை வரும்போது முன்னே வந்து வாசித்துவிட்டுப் பின்னே விலகும் பணிவு அவ்விசைக்குரிய அழகு. 2000இல் கோயன் சகோதரர்கள், ஹோமரின் ஒடிசிக் காவியத்தைத் தளர்வாகத் தழுவி, 1930களின் அமெரிக்கத் தென்பகுதியைக் களமாகக் கொண்ட ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்னும் படத்தை எடுத்தனர். அதில் புளூகிராசும், அதன் தாய்வேரான பழைய மலைநாட்டுப் பாடல்களும் பக்திப் பாடல்களும் நிறைந்திருந்தன. அவற்றுள் சாவிடம் மன்றாடும் ஒரு பாடலை, ரால்ஃப் ஸ்டான்லி என்னும் முதிய பாடகர் கருவி எதுவுமின்றி வெறுங்குரலில் பாடினார். அவ்விசைத் தொகுப்புக்கு 2002இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருது கிடைத்தது. ஸ்டான்லியும் தம் 75ஆம் வயதில் சிறந்த பாடகருக்கான கிராமி விருது பெற்றார். படம் திரைக்கு வருமுன்பே அப்பாடகர்கள் நாஷ்வில் நகரத்து ரைமன் அரங்கில் கூடி நேரில் பாடிய கச்சேரி தனி ஆவணப்படமாயிற்று. (அவ்வரங்கம் 1892இல் நற்செய்திப் பிரசங்கங்களுக்காகவே எழுப்பப்பட்ட மண்டபம் என்பது நமக்குச் சுவையான செய்தி.)

இங்கேதான் வேற்றுமை. அந்தப் படம் பழைய பாடகரின் குரலுக்கே இடம் விட்டது. ஆதலால் திரையில் கேட்டவர்கள் அக்குரலைத் தேடி இசையரங்குகளுக்குச் சென்றனர். நம் ‘பொன்னர் சங்கர்’ வழியாக நாடறிந்தவரான உடுக்கைப் பாடகர் என்று ஒருவரையும் என்னால் சுட்ட முடியவில்லை. கதையை எடுத்துக்கொண்டு, கதை சொன்னவரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம்.

கொங்கு நாட்டுக்கும் திரைக்கும் உள்ள உறவு தொடக்கத்தில் இவ்வாறு இருக்கவில்லை. கோவையில் பிறந்த கிறிஸ்தவரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே அலுவலகப் பணியில் இருந்தபோது, 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கருவியோடு கிடைத்த படங்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று அவர் படம் காட்டினார். 1914இல் கோவையில் அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் கொட்டகையின் பெயரை அச்சாலை இன்றும் தாங்கி நிற்கிறது. பேசும் படம் வந்ததும் அவர் தயாரித்தது எது? நாடக மேடையில் மக்கள் மனப்பாடமாக அறிந்திருந்த ‘வள்ளி திருமணம்’. டி. பி. ராஜலட்சுமி நடித்து 1933இல் வெளிவந்த அப்படம், இசை நாடக ரசிகர்களைத் திரைக்கு அழைத்துவந்ததேயன்றி, வள்ளியை மேடையிலிருந்து பறித்துவிடவில்லை. அதே வள்ளி இன்று கொங்கு ஊர்களில் கும்மியாக ஆடப்படுகிறாள். முன்பு ஆண்களே ஆடிய அக்கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதிப் பெரியவர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வள்ளிக்குக் கிட்டிய வாழ்வு தங்காளுக்குக் கிட்டவில்லை. கும்மியில் பார்ப்பவரும் எழுந்து ஆடலாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உடுக்கைப் பாட்டோ இரவெல்லாம் அமர்ந்து கேட்கும் காதுகளை வேண்டி நிற்கிறது.

அத்தகைய காதுகள் கத்தோலிக்கராகிய நமக்குப் புதியவை அல்ல. விடிய விடிய நடக்கும் பாஸ்கா நாடகத்தைக் கண்விழித்துப் பார்த்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை இராகமிட்டு ஓதக் கேட்டு அழுத பாட்டிமார்களின் வழியில் வந்தவர்கள் நாம். மகனின் உடலை மடியில் ஏந்திய தாயின் புலம்பலுக்கும் படுகளத்துத் தங்காளின் புலம்பலுக்கும் இறையியல் வேறு, தொண்டை ஒன்றே. இரண்டிலும் முடிவு முன்பே தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் கேட்கிறோம். அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலில் வாழும் திரைப்பட ரசனைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆனால் நம் பங்குத் திருவிழாக்களின் நிலை என்ன? தேர்ப் பவனி முடிந்ததும் மேடையேறுவது மெல்லிசைக் குழு, பாடுவதோ திரைப்பாடல்கள். பெட்டிகளின் முழக்கத்தில் அருகிலிருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மெல்லிசையை நான் வெறுப்பவன் அல்லன். நல்ல குரல் கேட்டால் நின்று கேட்டுவிட்டே போகிறேன். ஆனால் அம்மேடையில் பாடுபவர் வேறொருவருடைய குரலாக ஒலிக்கவே முயல்கிறார். அசலைப் போலவே இருக்கிறது என்பதே அவருக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு. கேட்போர் கண் கலங்கியதற்காக ஒரு வரியை நீட்டிப் பாட அவருக்கு உரிமை இல்லை. அந்தச் செலவில் ஒரு பகுதியில் ஓர் உடுக்கைப் பாடகரையோ, பாஸ்கா பாடிய ஒரு முதியவரையோ ஒரு மணி நேரம் மேடையில் அமர்த்த விழாக் குழுவினர் அஞ்ச வேண்டியதில்லை. கூட்டம் கலையும் என்பார்கள். கொஞ்சம் கலையட்டும், எஞ்சி இருப்பவர்கள் ஆமாம் போடுவார்கள்.

இக்கதையின் படுகளத்தை நேரில் காண விரும்புவோர் மணப்பாறையை அடுத்த வீரப்பூருக்குச் செல்ல வேண்டும். மாசித் திருவிழாவில் அங்கே ஆண்கள் மாண்டவர்போல் நிலத்தில் வீழ்வதும், பின் எழுப்பப்படுவதும் பாட்டு எது, நாடகம் எது, வழிபாடு எது என்று பிரித்தறிய முடியாதபடி நிகழ்கின்றன. வெள்ளகோவிலிலிருந்து கரூர் வழியாக மணப்பாறை சென்று அங்கிருந்து போகலாம். பெரும்பாலான ஆண்டுகளில் அது நம் தவக்காலத்தை ஒட்டியே வருகிறது.